பின் சீட்டு இல்லாத வண்டி

முதலில் வந்த வண்டி தெருமுக்கில் திரும்ப முடியாமல் நின்றுவிட்டது.

இளநீல நிறத்தில் ஒரு செவர்லே இம்பாலா. முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போய், நாலாவது தடவையில்தான் அதைத் தெருவுக்குள் நுழைத்தார் மீரான் சாகிபு. செக்காலை ரோட்டில் பட்டறை வைத்து வெளிநாட்டு வண்டிகளை வாங்கி விற்கிறவர் அவர். இறங்கும்போதே பேச்சை ஆரம்பித்துவிட்டார்.

"எட்டு சிலிண்டரு, பெரிய செட்டியாரே! இங்க ஒரு மிதி மிதிச்சா மானாமதுரையிலதான் போயி நிக்கும்."

"முக்குத் திரும்பவே நாலு மிதி மிதிச்சீகளே சாகிபு. அதுக்குள்ள மானாமதுரைக்கு நடந்தே போயிருக்கலாம்" என்றார் முகப்பில் நின்ற பெரியகருப்பன்.

அறுபத்தெட்டாம் வருஷம் அது. பெரியகருப்பனின் தம்பி உடையப்பன், மலேயாவில் ஈப்போவில் வைத்திருந்த கடையைக் கைமாற்றிவிட்டு, மனைவி சிட்டாளோடு காரைக்குடிக்கு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வந்ததும் அவர் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுக்குத்தான். ஒரு வண்டி. கல்யாணத்துக்கும் கேதத்துக்கும் போய்வருகிற வண்டி இல்லை. அதற்கு அண்ணனின் பழைய ஹிந்துஸ்தானும் டிரைவர் இராமுவும் இருந்தார்கள். இது வேகமாகப் போகவேண்டும். மேட்டில் இளைக்காமல் ஏறவேண்டும், வளைவில் ரோட்டைக் கவ்விப் பிடிக்கவேண்டும். வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும் எடுத்துக்கொண்டு கிளம்பத் தோன்றவேண்டும்.

"விலை ஒரு பேச்சே இல்ல" என்று அண்ணனும் சொல்லிவிட்டார். "இத்தனை வருசம் அங்க கெடந்து ஒழைச்சிருக்கே, பிடிச்சத வாங்கு. ஆனா நம்ம வாசல்ல நிக்கப்போற வண்டி எனக்கும் பிடிக்கணும். நான் சரின்னு சொன்னாத்தான் வண்டி."

இவ்வளவையும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் சிட்டாள். அவள் மனசில் இருந்தது அந்த வீட்டில் இன்னும் ஒருவருக்குத்தான் தெரியும். அது அவள் கணவர்.

ஈப்போவில் பத்து வருஷமாக வண்டி ஓட்டியது உடையப்பன் இல்லை. சிட்டாள்.

கடையின் பரணிலிருந்து விழுந்ததில் உடையப்பனுக்கு இடது முழங்கால் பாதிக்குமேல் மடங்காது. அண்ணனிடம் அதை வாதம் என்று சொல்லிவைத்திருந்தார். கிளட்சை மிதிக்க நினைத்தால், கால் போய்ச் சேர்வதற்குள் வண்டி நின்றுவிடும். ஆனால் வண்டி என்றால் அவருக்கு உயிர். எந்த வண்டிக்கு எத்தனை சிலிண்டர், எந்த எஞ்சின் எந்தச் சுருதியில் பாடும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். பக்கத்தில் உட்கார்ந்து அவரேதான் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆறு மாதத்தில் அவள் கேமரன் மலையின் வளைவுகளில் ஏற்றி இறக்கினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினைக் கேட்டுக்கொண்டே வருவார்.

பினாங்கில் கப்பல் ஏறும்போது அவர் வாக்குக் கொடுத்திருந்தார்: "ஊர்லயும் வண்டி உன் கையிலதான்." மூன்று வாரமாக அதை அண்ணனிடம் சொல்ல வாய் வரவில்லை. பேருக்கு எந்த வண்டி வந்தால் என்ன, இராமு முன்னால் உட்கார்ந்துவிட்டால் சிட்டாளுக்குப் பின் சீட்டுத்தான். அப்புறம் ஆயுசுக்கும் ஸ்டியரிங் கைக்கு வராது.

அவளே சொல்லிவிடலாம் என்றால் அதற்கும் வழி இல்லை. அந்த வீட்டில் கணவரின் அண்ணனோடு தம்பி மனைவி நேரில் பேசுகிற வழக்கம் கிடையாது. அவர் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கமாட்டார். அவள் வந்து நின்றால் தரையைப் பார்த்துக்கொள்வார். எதுவானாலும் நடுவில் பெரியகருப்பனின் மனைவி நாச்சியம்மை வேண்டும்.

"நாச்சி, கொழம்புல உப்புத் தூக்கலா இருக்குன்னு சொல்லு."

"ஆச்சி, நாளைக்குக் கொறைச்சுப் போடுறேன்னு சொல்லுங்க."

மூன்று பேரும் ஒரே பட்டாசாலைக் கூடத்தில் இருப்பார்கள். எல்லாம் எல்லார் காதிலும் விழும். ஆனாலும் சொல்லியாகவேண்டும்.

"நீ ஈப்போவுல இருந்தவரைக்குந்தான் என் வாய்க்கு ஓய்வு" என்பாள் நாச்சியம்மை. "வந்தே, மறுபடி நான் தந்திக்கம்பம் ஆயிட்டேன்."

இம்பாலாவைப் பெரியகருப்பனுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஒன்பது பேர் தாராளமாகப் போகலாம். ஆனால் கார் கொட்டகைக்குள் அதன் மூஞ்சி மட்டும்தான் போயிற்று; பாதி வண்டி வெளியே வெயிலில் கிடந்தது.

"கொட்டகைய இடிச்சுக் கட்டிருவோமா தம்பி?"

"அப்புறம் தெருமுக்க இடிக்கணும்ணே" என்றார் உடையப்பன்.

அன்று மத்தியானம் இலையில் சோறு போடும்போது சிட்டாள் கேட்டாள்.

"சொல்லிட்டீகளா?"

"சமயம் பாத்துக்கிட்டிருக்கேன்."

"கப்பல்ல ஏறயில எந்தச் சமயத்தப் பாத்துச் சொன்னீக?"

"அங்க அண்ணன் இல்லையே, சிட்டாளு" என்றார் அவர், ரசத்தைப் பார்த்துக்கொண்டு.

இரண்டாவதாக வந்தது கோயம்புத்தூர் மில்காரர் ஒருவர் வைத்திருந்த ஜாகுவார். கறுப்பு. பதுங்கி நிற்கிற மிருகம் மாதிரி இருந்தது. உடையப்பன் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். பானட்டைத் திறக்கச் சொல்லி எஞ்சினைப் பார்த்தார். ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் காதைக் கொடுத்தார். "ஆறு சிலிண்டரும் ஒரே மூச்சா மூச்சு விடுதுண்ணே, கேளுங்க" என்றார். பெரியகருப்பன் ஆர்வமாகக் குனிந்து கேட்டார். அவருக்குப் பெரிய வீட்டுக்காரர் என்கிற கெத்து இருந்தாலும், ஒரு கடிகாரத்தைக் கண்டால் உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்காமல் இருக்கமுடியாத மனுஷன்.

"அந்தக் கம்பி எதுக்கு? இந்தக் குழாய் எங்குட்டுப் போகுது? அது ஏன் சுத்துது?"

"இராமு, ஏறி ஓட்டிப் பாரு" என்றார் கடைசியில்.

இராமு ஏறினான். பெரியகருப்பனும் உடையப்பனும் பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். வண்டி தெருவைச் சுற்றிவிட்டு வந்தது. பின் சீட்டில் கணவர் சாய்ந்து உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்ததும் சிட்டாளுக்கு விளங்கிவிட்டது, இந்த வண்டி முடிந்தால் தன் கதை முடிந்தது என்று.

ஆண்கள் காப்பி குடிக்க உள்ளே போனார்கள். சிட்டாள் மெல்ல வெளியே வந்து முன் கதவைத் திறந்தாள். தோல் வாசனை. கியர்க் கம்பியின் குமிழில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"ஆச்சி, பின் சீட்டு அங்குட்டு இருக்கு" என்றது ஒரு குரல். மீரான் சாகிபு.

அவள் கையை எடுக்கவில்லை. "கிளட்சு இறுக்கமா இருக்குமா, சாகிபு?"

சாகிபு கதவருகே வந்து குமிழில் இருந்த அவள் கையைப் பார்த்தார். பிறகு, "இந்த வீட்டுக்கு நாலு நாளா வந்துக்கிட்டிருக்கேன். எல்லாரும் எத்தனை பேரு உக்காரலாம்னுதான் கேட்டாக. இதக் கேட்ட மொத ஆளு நீங்கதான்" என்றார்.

"பின் சீட்டே இல்லாத வண்டி ஏதாச்சும் இருக்கா?"

"அட! இருக்கு. மூணாறு எஸ்டேட்டுல ஒரு வெள்ளைக்கார தொர ஊரக் காலி பண்ணிட்டுப் போறாரு. அவரு வச்சிருந்த எம்.ஜி. காரு. செவப்பு. ரெண்டே பேரு. மேல கூரை கூட இல்ல, துணிதான். ஆனா அத இங்க கொண்டாந்தேன்னா பெரிய செட்டியாரு என்னையத் தெரு முக்கு வரைக்கும் வெரட்டுவாக."

"நீங்க கொண்டாங்க. வெரட்டுனா நான் பாத்துக்கிறேன்."

"நீங்க எப்படிப் பாப்பீக? அவுககூடப் பேசவே மாட்டீகளே!"

"அதுக்கு ஆச்சி இருக்காக" என்றாள் சிட்டாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அந்தச் சிவப்பு வண்டி வந்தது. தெருமுக்கை ஒரே வெட்டில் வெட்டித் திரும்பி, வாசலில் வந்து சொடக்குப் போட்டதுபோல நின்றது. உயரம் இடுப்புக்கு வரவில்லை. உடையப்பன் அதைப் பார்த்த மாத்திரத்தில் வாசற்படி இறங்கி வந்துவிட்டார். இல்லாத பின் சீட்டைத்தான் அவர் எட்டி எட்டித் தேடுகிறார் என்று சிட்டாளுக்குத் தெரியும்.

பெரியகருப்பன் ஒரு சுற்று வந்தார். குனிந்து பார்த்தார். மறுபடி ஒரு சுற்று வந்தார்.

"மிச்சம் எங்கய்யா?"

"அவ்வளவுதான் வண்டி, பெரிய செட்டியாரே."

"வெளயாடாதீக. டிரைவர் ஒரு ஆளு. தம்பி ஒரு ஆளு. சரியாப் போச்சு. தம்பி பொஞ்சாதி வரணும்னா? அவுக ரெண்டு பேரும் உக்காந்தா டிரைவர் எங்குட்டு உக்காருவான்? பானட்டு மேலயா?"

இராமு சிரிப்பை அடக்கிக்கொண்டான். நாச்சியம்மை அடக்கவில்லை.

கதவோரத்திலிருந்து சிட்டாளின் குரல் வந்தது. "ஆச்சி, டிரைவர் வேண்டாம்னு சொல்லுங்க."

"டிரைவர் வேண்டாமாம்" என்றாள் நாச்சியம்மை.

பெரியகருப்பன் தரையைப் பார்த்தபடி, "அப்ப யாரு ஓட்டுறதாம்னு கேளு நாச்சி" என்றார்.

"யாரு ஓட்டுறதாம்?"

சிட்டாள் கணவரைப் பார்த்தாள். இதைவிடச் சமயம் அவருக்கு வாய்க்கப்போவதில்லை. உடையப்பன் தொண்டையைக் கனைத்தார். அண்ணனைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"நான்தான்ணே" என்றார்.

சிட்டாளுக்குத் திக்கென்றது.

"ஓட்டிக் காட்டு, பாப்போம்."

மனுஷன் போய் ஏறிவிட்டார். மடங்காத காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தார். சாவியைத் திருப்பினார். எஞ்சின் உறுமியது. எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். சிட்டாள் வாசற்படிக்கே வந்துவிட்டாள்.

வண்டி ஒரு குதி குதித்து நின்றது.

மறுபடி ஸ்டார்ட். இரண்டு குதி. நின்றது.

மூன்றாவது தடவை தவளை மாதிரித் தத்தித் தத்தி எதிர்வீட்டுச் சுவர்வரை போய், ஒரு சாண் இடைவெளியில் அணைந்தது. மீரான் சாகிபு நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார்.

ஆனால் பெரியகருப்பன் வண்டியைப் பார்க்கவில்லை. தம்பி மனைவி வாசற்படிக்கு வந்துவிட்டதால், வழக்கப்படி அவர் பார்வை தரைக்குப் போயிருந்தது. அங்கே ஆத்தங்குடிக் கல்லின் பச்சைப் பூவின்மேல் ஒரு பாதம் இருந்தது. தம்பி வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் அந்த இடது பாதம் கல்லை அழுத்தியது. அழுத்திப் பிடித்து, பிறகு மெல்ல, மிக மெல்ல மேலே வந்தது. அது மேலே வருவதற்குள் அங்கே வண்டி குதித்தது. பாதம் சலித்துப்போய் விரல்களை மடக்கிக்கொண்டது. மூன்று தடவையும் அப்படியே.

"நாச்சி" என்றார் பெரியகருப்பன்.

"என்னங்க?"

"இந்தக் கால் எங்க படிச்சுச்சுன்னு கேளு."

நாச்சியம்மைக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தக் கால்?"

சிட்டாள் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். முகம் சுட்டது. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கேயும் இல்லை என்று சொல்லிவிட்டால் ஜாகுவாரும் பின் சீட்டும்தான். ஈப்போவில் என்று சொன்னால் கணவர் சொன்னது பொய் என்று ஆகும்.

எதிர்வீட்டுச் சுவரோரம் உடையப்பன் வண்டியிலிருந்து இறங்கினார். முதலில் காலைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, அப்புறம் எழுந்து, நொண்டிக்கொண்டே தெருவைக் கடந்துவந்தார்.

"ஈப்போவுல படிச்சதுண்ணே. நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பத்து வருசமா வண்டி ஓட்டுனது நான் இல்ல, அவதான். எனக்கு இந்த முட்டி மடங்காது. வாதம்னு சொன்னேனே, அதுவும் பொய்யி."

நாச்சியம்மை வாயில் கையை வைத்தாள். இராமு வானத்தைப் பார்த்தான்.

பெரியகருப்பன் மெல்ல நடந்துபோய் அந்தச் சிவப்பு வண்டியின் இடது கதவைத் திறந்து, எப்படி உட்காருவது என்று கொஞ்சம் யோசித்து, பின்பக்கமாகச் சரிந்து உள்ளே விழுந்தார்.

"வண்டிய ஓட்டிப் பாக்காம நான் சரின்னு சொல்லமாட்டேன். நாச்சி, கோவிலூர் வரைக்கும் போயிட்டு வரணும். ஓட்டத் தெரிஞ்சவக வந்து ஓட்டட்டும்."

"ஐயோ, நீங்களும் அவளுமா? நடுவில பேச ஆளு வேணுமே, நானும் வாரேன்" என்று இறங்கினாள் நாச்சியம்மை.

"நீ எங்குட்டு உக்காருவே?" என்றார் அவர்.

சிட்டாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கிளட்ச் நினைத்ததைவிட இறுக்கம். பரவாயில்லை. வண்டியைப் பின்னால் எடுத்து, திருப்பி, தெருமுக்கை வெட்டி, கோவிலூர் ரோட்டில் ஏறும்வரை அவள் மூச்சே விடவில்லை. பக்கத்தில் அவர் நேர் எதிரே கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சாமி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ரோடு நீண்டு கிடந்தது. காற்று அடித்தது. பேசாமல் எவ்வளவு தூரம் போவது?

"ஆச்சி" என்றாள் சிட்டாள், முன்னால் ஓடுகிற ரோட்டைப் பார்த்து. "கொஞ்சம் கதவப் பிடிச்சுக்கிறச் சொல்லுங்க. மூணாவது கியர் போடப்போறேன்."

பெரியகருப்பன் கதவைப் பிடித்துக்கொண்டார். வண்டி பாய்ந்தது. அவர் தோளில் கிடந்த துண்டு எழும்பி, தலைக்குமேல் ஒரு தரம் விரிந்து, பின்னால் போய்விட்டது.

"ஆச்சி, துண்டு பறந்துருச்சு. நிப்பாட்டவா?"

அவர் கண்ணாடியிடம் சொன்னார்: "நாச்சி, துண்டு போனாப் போகட்டும்னு சொல்லு."

எதிரே மாட்டுவண்டி ஒன்று வைக்கோலோடு ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. அவள் கிளட்சை மிதித்து, விட்டு, ஒரு உறுமல் கொடுத்து, மறுபடி மிதித்துக் கியரை இறக்கி, வழுக்கிக்கொண்டு ஓரமாகத் தாண்டினாள்.

"நாச்சி, இப்ப எதுக்கு ரெண்டு தடவை மிதிச்சாகன்னு கேளு."

"ஆச்சி, வேகமாச் சுத்துற சக்கரத்தோட மெதுவாச் சுத்துற சக்கரத்தச் சேக்கணும்ல? ரெண்டையும் சமமாக்கிட்டுச் சேத்தா நறநறன்னு கத்தாதுன்னு சொல்லுங்க."

"அப்படியா!" என்றார் அவர் வாய்விட்டு. உடனே திருத்திக்கொண்டார். "நாச்சி, வெளங்குச்சுன்னு சொல்லு. இன்னொரு தடவை அப்படிச் செய்யச் சொல்லு."

அவள் செய்தாள். அவர் குனிந்து பெடலைப் பார்த்தார். கோவிலூர் மடத்து மதில் வந்தது, ஊருணி வந்தது, இரண்டும் பின்னால் போயின.

"ஆச்சி, கோவிலூர் தாண்டிருச்சு. திருப்பவா?"

"திருப்பச் சொல்லி யாரு நாச்சி கேட்டா? குன்றக்குடிப் பக்கம் ரோடு வளையும். வளைவுல எப்படிப் போகுதுன்னு பாக்க வேண்டாமா?"

வளைவில் அது ரயில் தண்டவாளத்தில் போவதுபோல் போயிற்று. குன்றக்குடி மலை பக்கத்தில் வந்து ஒதுங்கியது. பிள்ளையார்பட்டி விலக்கில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவள் இரண்டாவது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை என்பதை அவர் ஓரக்கண்ணால் கவனித்துக்கொண்டார்.

"நாச்சி, லைசென்ஸு இருக்கான்னு கேளு."

"மலேயா லைசென்ஸு இருக்கு ஆச்சி."

"அது இங்க செல்லுமா நாச்சி?"

"செல்லாது ஆச்சி."

"அப்ப திருப்பத்தூர்ல போலீசு ஸ்டேசன் பக்கம் போகாம, சந்தைப்பக்கமாத் திருப்பிக்கிறச் சொல்லு."

திருப்பத்தூர் சந்தையில் காய்கறிக்காரிகள் எழுந்து நின்று பார்த்தார்கள். செட்டியார் ஒருவரை ஒரு ஆச்சி வைத்து ஓட்டிக்கொண்டு போவதை அங்கே யாரும் பார்த்ததில்லை. பெரியகருப்பன் துண்டில்லாத தோளை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரும்பி வரும்போது குன்றக்குடி தாண்டியதும் அவர் மறுபடி கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"நாச்சி, தம்பி காலு எப்படி ஆச்சுன்னு கேளு."

"பரணேறி விழுந்துட்டாக ஆச்சி. ரெண்டு மாசம் ஆசுபத்திரி."

"எனக்கு ஏன் எழுதலன்னு கேளு."

"எழுதக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக ஆச்சி. அண்ணன் பதறிக்கிட்டு அடுத்த கப்பல்ல ஏறிருவாகன்னு."

பெரியகருப்பன் அந்தப் பக்கம் திரும்பிப் பொட்டல்காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். காற்றில் கண் கலங்கியதோ என்னவோ, இரண்டு தரம் துடைத்துக்கொண்டார்.

"ஏறித்தான் இருப்பேன்" என்றார். யாரிடம் என்று சொல்லவில்லை.

கோவிலூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வேப்பமரத்தடியில் சிட்டாள் வண்டியை நிறுத்தினாள். மரத்தின் கீழ்க்கிளையில் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவர் இறங்கப் பார்த்தார். அந்தப் பள்ளமான இருக்கையிலிருந்து எழ வரவில்லை. அவளே இறங்கி எடுத்துக் கொண்டுவந்து கதவின்மேல் வைத்தாள்.

வீட்டு வாசலில் எல்லாரும் அப்படியே நின்றிருந்தார்கள். கோவிலூர் போய்வர ஒன்றரை மணிநேரமா என்று மீரான் சாகிபு தெருமுக்குக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். உடையப்பன் கதவோரம், காலை நீட்டி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் காது மட்டும் முதலில் எழுந்தது. வண்டி வரும் ஓசையைக் கேட்டதும், "எஞ்சின் நல்லாச் சூடாயிருக்கு, திருப்பத்தூரே போயிட்டு வந்துட்டாக" என்றார்.

சிட்டாள் வண்டியை வாசலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். இறங்கவில்லை. கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது. இனி அவர் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டுத்தான் கையை எடுக்கவேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

பெரியகருப்பனை இராமுவும் சாகிபும் ஆளுக்கொரு கை பிடித்து மேலே தூக்கினார்கள். நாச்சியம்மை ஓடிவந்தாள்.

"இம்புட்டு நேரம் ரெண்டு பேரும் என்ன பேசினீக?"

"நாங்க எங்க பேசினோம்? பேசுனதெல்லாம் உன்கிட்டத்தான்."

"என்கிட்டயா? சரி, அப்ப நான் என்ன பதில் சொன்னேன்?"

பெரியகருப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். தம்பியின் நீட்டிய காலை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, வண்டிக்கும் கேட்கிறமாதிரிச் சத்தமாகச் சொன்னார்:

"இந்த வண்டியவே வாங்கச் சொன்னே. மொதல்ல இந்த ஊரு லைசென்ஸு எடுக்கச் சொன்னே. அப்புறம், வெள்ளிக்கிழமை பிள்ளையார்பட்டிக்குப் போறப்போ தம்பி பழைய வண்டியில இராமுவோட வரட்டும், இதுல நான்தான் வருவேன்னு சொன்னதுக்கு, சரின்னுட்டே."